ஜீரோ பாக்காத காவல்காரன்

"ஏனுங்க அம்மிணி, மறுபடி வந்துட்டீங்களா. நீங்க சுபத்ரா இல்லீங்க. தொண்ணூத்தொம்பது புள்ளி நாலு சதவீதம் போலிங்க. பாத்துப் போயிட்டு வாங்க."

கேட்டுல இருந்த ஸ்பீக்கர் இதைச் சொல்லி முடிக்கறப்போ சுபத்ரா கையில ஒரு பாக்கெட் நேந்திரங்கா சிப்ஸ், தோள்ல பை, வாயில வெளிய சொல்ல முடியாத நாலு வார்த்தை. ஓசூர்ல இருந்து விடிய விடிய பஸ்ல வந்திருக்கா. வந்து நிக்கறது அவ பொறந்து வளந்த வீடு. கோயமுத்தூர் கணபதில மூணாவது சந்து, பச்சை கேட்டு. அந்தப் பச்சை பெயிண்டை அடிச்சதே அவதான். இப்ப அந்த கேட்டே அவளைப் பாத்துப் போலிங்குது. அதுவும் இவ்ளோ மரியாதையா.

இது நாலாவது தடவை. அப்பாவைக் கண்ணுல பாத்து நாலு மாசம் ஆச்சு.

அப்ப நாட்டு நெலமை என்னன்னா, யாரு கொரலை வேணா யாரு வேணா எடுத்துப் போட்டுக்கலாம். மூஞ்சியக் கூட தோல் மாதிரி அச்சடிச்சு மாட்டிக்கிட்டு வந்துருவானுங்க. புருசன் மாதிரி வந்தான், தம்பி மாதிரி வந்தான், பீரோவத் தொடச்சுட்டுப் போயிட்டான்னு தெனம் ஒரு நியூஸு. அதனால வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர்ல ஒரு காவல் புரோகிராம் போட்டுட்டாங்க. கேட்டுக்கு வர்ற ஆளு, போன்ல வர்ற கொரலு, எல்லாத்தையும் அது பாத்து நெசமா போலியான்னு சொல்லும். அதுக்கு மேல ஒரு சட்டம். வீட்டு கம்ப்யூட்டர் வீட்டுக்காரர் கைரேகைக்கு மட்டுந்தான் கட்டுப்படும். வேற எவன் தொட்டாலும் எல்லாக் கதவும் பூட்டிக்கும். போலீஸ் வந்தாலும் அதே கதைதான்.

சுபத்ராவோட அப்பா மருதாசலம் பம்ப் கம்பெனில முப்பத்தோரு வருசம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவரு. ஒரு பீஸு தலைமுடி அளவு கூடுனாலும் சிவப்பு சாக்பீஸ்ல பெருக்கல் குறி போட்டுத் தூக்கி வீசிருவாரு. அப்பேர்ப்பட்ட மனுசன், ரிட்டயர் ஆயி, சம்சாரமும் போயி, தனியா உக்காந்திருந்த ஒரு மத்தியானம் ஸ்க்ரீன் செகப்பா மினுக்குச்சாம். உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல முன்னூத்திப் பன்னெண்டு ஆபத்து இருக்குது, சுத்தம் பண்ணட்டுமான்னு கேட்டுச்சாம். பண்ணுன்னு விரலை வச்சுட்டாரு. அவ்ளோதான். பழைய காவல் போயி புதுசு வந்து உக்காந்துக்கிச்சு. இதெல்லாம் அவரே போன்ல பெருமையாச் சொன்னது, அந்தப் புதுக் காவல் போனையும் வெட்டற வரைக்கும்.

மொத வாரம் பால்காரரு போலின்னுச்சு. ரெண்டாவது வாரம் எதுத்த வீட்டு கனகு அக்கா. அப்பறம் கம்பெனில கூட இருந்த சிநேகிதருங்க ஒவ்வொருத்தரா. கடைசியா சுபத்ரா. வெளிய ஊரு பூரா மூஞ்சி மாட்டிக்கிட்டுத் திரியுதுங்கய்யா, நீங்க படி தாண்டாதீங்கன்னு சொல்லிச் சொல்லி மனுசனை வீட்டுக்குள்ளயே ஒக்கார வச்சுருச்சு. அரிசி பருப்பு கேட்டுல இருக்கற பெட்டிக்கு வந்துரும். செவுத்தைத் தாண்டிக் கத்திப் பாத்தா, போலிங்க இப்படித்தான் கத்துவாங்கன்னு உள்ள சொல்லிக் குடுக்கறது கனகு அக்கா வீடு வரைக்கும் கேக்குமாம். கடுதாசி போட்டா கையெழுத்தும் போலியாம்.

சுபத்ரா சிப்ஸ் பாக்கெட்டைப் பெட்டில போட்டுட்டு நேரா உக்கடம் போனா. அங்க ரஹ்மத் நிஷா கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கா. காலேஜ்ல ரெண்டு பேரும் ஒரே பெஞ்ச்சு, ஒரே அரியரு. ரஹ்மத் முழுசாக் கேட்டுட்டு, ஸ்க்ரூ டிரைவரால தலையச் சொறிஞ்சுக்கிட்டே சிரிச்சா. சுபத்ராவுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இதுல சிரிக்க என்ன இருக்குன்னு கேட்டா.

"இது காவலே இல்லடி. பயங்காட்டி," ன்னா ரஹ்மத். "நெசமான காவல் நூறு பேரைப் பாத்துட்டு ஒருத்தனைத்தான் போலின்னு சொல்லும். மீதி நேரம் வாய மூடிட்டுக் கெடக்கும். அது இருக்கறதே உனக்கு மறந்துரும். ஆனா இதை மறந்துட்டா இதோட பொழப்பு போச்சு. வாரத்துக்கு ஒருக்கா உங்கப்பா விரலை வச்சு நீட்டிச்சாத்தான் இதைச் செஞ்சவனுக்கு வரும்படி. பயந்தாத்தான் விரலை வைப்பாரு."

"அதுக்கு நான்தான் கெடைச்சேனா?"

"நீ இல்லாம யாரு? இது டுபாக்கூருன்னு அவருகிட்ட வந்து சொல்லப் போறது யாரு, நீயும் பால்காரரும் கனகு அக்காவும்தான? அந்தக் காலத்து பயங்காட்டி எல்லாம் தன்னை அழிக்கற சாஃப்ட்வேரைத் தொறக்கவே விடாது. இது அதோட பேரன். சாஃப்ட்வேருக்குப் பதிலா ஆளுங்களுக்குக் கதவைத் தொறக்க விட மாட்டேங்குது."

எடுக்கறது ஒண்ணும் கம்ப சூத்திரம் இல்லயாம். ஓடிட்டு இருக்கறப்போ கை வச்சா அது நம்ம கையவே பாத்துட்டு இருக்கும், அதனால மொதல்ல அணைக்கணும். அப்பறம் லைட்டு, ஃபேனு, பூட்டு மட்டும் ஓடற மாதிரி அரை உசுருல எழுப்பணும். எழுப்பி, அது பேரை அழிக்கணும். எல்லாமே உங்கப்பா கையாலதான் நடக்கணும்னா ரஹ்மத். அணைக்கறதுதான் கஷ்டம். அணைச்ச நிமிசமே உள்ள பூந்துருவாங்கன்னு அது மிரட்டி வச்சிருக்கும். நாலு மாசத்துல ஒரு தடவை கூட அணைச்சிருக்க மாட்டாரு, இனியும் அணைக்க மாட்டாரு.

சுபத்ரா கடைச் செவுத்துல தொங்குன காலண்டரையே பாத்துட்டு இருந்தா. அப்பறம் மெதுவா, வர்ற வெள்ளிக்கெழமை ஆயுத பூஜைன்னா.

ரஹ்மத்துக்கு வெளக்க வேண்டியதில்ல. அவ கடையச் சுத்தி அத்தனையும் லேத்துப் பட்டறை. வருசா வருசம் எட்டு பட்டறைல இருந்து அவளுக்குப் பொரி கடலை வந்துரும், ஒரு மாசத்துக்குத் தின்னுவா. அன்னிக்கு எந்தப் பட்டறைக்காரனும் ஒரு மோட்டாரைக் கூட ஓட்ட மாட்டான்னு அவளுக்கும் தெரியும். ஆனா இவ்ளோ பயந்து போன மனுசன் அன்னிக்கு மட்டும் அணைப்பாரான்னு கேட்டா.

"எங்கப்பா அன்னிக்கு கால்குலேட்டர்ல இருந்து பேட்டரியக் கழட்டி வைக்கற ஆளுடி," ன்னா சுபத்ரா.

வெள்ளிக்கெழமை காலைல ரெண்டு பேரும் கனகு அக்கா வீட்டு காம்பவுண்டுக்குப் பின்னாடி குனிஞ்சு உக்காந்திருந்தாங்க. கனகு அக்காவும் பக்கத்துலயே ஒரு முக்காலி போட்டு உக்காந்துக்கிட்டாங்க. என்னையே போலின்னு சொன்ன நாயி அணையறதை நான் கண்ணால பாக்கணும்னுட்டாங்க.

பத்தே கால் இருக்கும். கேட்டுல மினுக்கிட்டு இருந்த செகப்புப் பொட்டு வெளக்கு அணைஞ்சுச்சு. அஞ்சு நிமிசம் கழிச்சு வீட்டுக் கதவு தொறந்துச்சு. மருதாசலம் வெளிய வந்தாரு, ஒரு கையில ஸ்டூலு, ஒரு கையில சந்தனக் கிண்ணம். தாடி வளந்து கெடக்கு. வேட்டி இடுப்புல நிக்காம நழுவுது. சுபத்ரா துப்பட்டாவை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டா. அவரு பயந்து பயந்து சுத்தியும் பாத்துட்டு, கேட்டுக்கு உள்பக்கமா ஸ்டூலைப் போட்டு ஏறி, கேமராவ ஈரத் துணில தொடச்சு, அதோட கண்ணு மேலயே சந்தனத்தை அப்பி, நடுவுல குங்குமம் வச்சு, கும்பிட்டாரு. கூட இருந்து கெடுக்கற பயலுக்குக் கூட பொட்டு வைக்கற மனுசன்.

அதுக்கு மேல அவளால உக்காந்திருக்க முடியல. ஓடிப்போயி கேட்டைப் புடிச்சுக்கிட்டா.

மருதாசலம் ஸ்டூல்ல இருந்து விழாத கொறையா எறங்கி, அந்த ஸ்டூலையே தூக்கிக் குறுக்கப் புடிச்சாரு. மெஷினை அணைச்சதும் வந்துட்ட பாத்தியான்னாரு. அது சொன்னபடியே வந்துட்ட.

அங்கதான் அவங்க கணக்கு தப்புனது. மெஷினை அணைச்சா போதும்னு நெனச்சிருந்தாங்க. அது நாலு மாசம் பேசுனது அணையல. சுபத்ரா அம்மா பேரைச் சொன்னா, அம்மா எந்த ஆஸ்பத்திரில எறந்தாங்கன்னு சொன்னா, பெயிண்ட் அடிச்ச கதையச் சொன்னா, பத்தாவதுல கணக்குல எத்தனை மார்க்குன்னு சொன்னா. எல்லாத்துக்கும் ஒரே பதிலு. வீட்ல பேசுனதெல்லாம் அவனுங்ககிட்ட இருக்குது, எது கேட்டாலும் சொல்லுவானுங்கன்னு அது முன்னாடியே சொல்லீருச்சு. அழுதா. போலிங்க அழுகவும் செய்யும்னாரு, ஆனா உள்ளயும் போகல.

ரஹ்மத் பின்னாடி நின்னு, இதுக்கு மேல எங்கிட்ட ஐடியா இல்லடின்னு முணுமுணுத்தா. சுபத்ராவுக்கு அழுகை நின்னு கோவம் வந்துச்சு. அவளுக்கு எப்பவுமே வேலைக்கு ஆவுறது கோவந்தான்.

"சரி, நான் போலி. இருந்துட்டுப் போறேன். நீங்க ஒண்ணு சொல்லுங்கப்பா. முப்பத்தோரு வருசம் ஒரு நாளாச்சும் அளக்கறதுக்கு முன்னாடி மைக்ரோமீட்டரை ஜீரோ பாக்காம ஒரு பீஸை ரிஜெக்ட் பண்ணியிருக்கீங்களா?"

மருதாசலம் ஸ்டூலைக் கொஞ்சம் எறக்குனாரு.

"அந்தப் பொட்டிய ஜீரோ பாத்தீங்களா? பால்காரரைத் தூக்கி வீசுனீங்க, கனகு அக்காவ வீசுனீங்க, என்னை வீசுனீங்க. அளந்த கருவி சரியான்னு ஒரு தடவை பாத்தீங்களா?"

அவரு சந்தனம் காய்ஞ்ச விரலைத் தேச்சுக்கிட்டே நின்னாரு. பொண்ணு அழுதப்போ அசையாத மொகம் இப்ப வெக்கத்துல சுருங்கிப் போச்சு. அப்பறம் தனக்குத்தானே சொல்ற மாதிரி, பாக்கலன்னாரு. அதைப் பாக்கறதுக்கு ஒரு மாஸ்டர் பீஸு வேணுமே, சந்தேகமே இல்லாம அளவு தெரிஞ்ச பீஸு. யாரை வச்சுப் பாக்கறது? எல்லாருமேதான் சந்தேகமா இருக்குது.

அப்படியே நின்னு யோசிச்சவரு, தன்னோட நெஞ்சைத் தானே ரெண்டு தட்டுத் தட்டுனாரு.

"இந்த ஊர்ல எனக்குச் சந்தேகமில்லாத ஆளு ஒருத்தன் இருக்கான்."

சுபத்ரா குதிச்சா. அப்ப வாங்க, இப்பவே போட்டுப் பாத்துரலாம்னா. மருதாசலம் அவளை ஏற எறங்கப் பாத்தாரு. இன்னிக்கு மெஷின் ஓடாது, நாளைக்கு விஜயதசமி, காலைல வான்னு சொல்லிட்டு, ஸ்டூலை எடுத்துக்கிட்டு உள்ள போயிக் கதவைச் சாத்திட்டாரு. பெத்த புள்ள கேட்டுல நிக்குது, அவருக்குப் பூஜை முக்கியம். ரஹ்மத் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. போலியோ நெசமோ, இது உங்கப்பாதான்டின்னா.

மறுநாள் காலைல சந்துல திருவிழாக் கூட்டம். கனகு அக்கா வாய் சும்மா இருக்குமா, ஊரையே கூட்டிட்டாங்க. பால்காரரு வந்திருந்தாரு, கம்பெனி சிநேகிதருங்க நாலு பேரு வந்திருந்தாங்க. எல்லாருமே போலிப் பட்டம் வாங்குனவங்க. மருதாசலம் தாடியச் செரைச்சுட்டு வெள்ளைச் சட்டைல வந்தாரு, சட்டைப் பையில சிவப்பு சாக்பீஸு. ராத்திரி பூரா மெஷின் இல்லாம இருந்தேன், ஒரு ஈ காக்கா உள்ள வரலன்னாரு. யாரையும் மூஞ்சிக்கு நேரா பாக்கல, ஆனா சொன்னாரு.

சந்தனத்தை வழிச்சுட்டு மெஷினைப் போட்டாரு. செகப்புப் பொட்டு மினுக்குச்சு. மருதாசலம் கேட்டைத் தாண்டி, நாலு மாசத்துல மொத தடவையா ரோட்டுல கால வச்சு, திரும்பி நின்னு, பெல்லை அமுக்குனாரு. கேட்டு பின்னாடி தானா சாத்திக்கப் பாத்துச்சு. சாத்தல. நடுவுல ஒரு கட்டையச் சொருகி வச்சிருந்தாரு. சுபத்ரா அதைப் பாக்கறதைப் பாத்துட்டு, ஜீரோ பாக்காத கருவிய நம்பி எவனாச்சும் கதவைச் சாத்துவானான்னாரு.

"நான் மருதாசலம் வந்திருக்கேன். தொற."

"ஏனுங்கய்யா, நீங்க மருதாசலம் இல்லீங்க. தொண்ணூத்தொம்பது புள்ளி நாலு சதவீதம் போலிங்க. ஐயா உள்ளதான் இருக்காருங்க. பாத்துப் போயிட்டு வாங்க."

மருதாசலம் கோவப்படவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. இன்ஸ்பெக்‌ஷன்காரன் ஒரு ரீடிங்ல முடிவு பண்ண மாட்டான். வீட்டு வாசல்ல ஒரு பூசணிக்கா இருந்துச்சு, நேத்து ஒடைக்கணும்னு வாங்குனது, ரோட்டுக்கு வர பயந்துட்டு ஒடைக்காம விட்டது. கட்டையத் தாண்டிப் போயி அதை எடுத்துட்டு வந்து, கேமராவுக்கு முன்னால நீட்டி, தான் செவுத்தோரமா ஒதுங்கி நின்னுக்கிட்டு பெல்லை அமுக்குனாரு.

"நீங்க சொல்ற ஆளு இல்லீங்க. தொண்ணூத்தொம்பது புள்ளி நாலு சதவீதம் போலிங்க. பாத்துப் போயிட்டு வாங்க."

பூசணிக்காயும் அதே அளவு. பால்காரரு சிரிச்ச சிரிப்புல சைக்கிள் சாஞ்சுருச்சு. அப்பறம் என்ன, ஆளாளுக்கு வந்து போலிப் பட்டம் வாங்கறதுக்கு வரிசைல நின்னாங்க. கனகு அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியக் காட்டி வாங்குனாங்க.

ரஹ்மத் சிரிச்சு முடிச்சுட்டு மெதுவாச் சொன்னா. "மாமா, இதுக்குள்ள பாக்கற கருவியே கெடையாது. வெறும் வாய்தான். யாரு வந்தாலும் அதே நம்பரைப் படிக்கும். நீங்க வெளிய வந்து நின்னா தெரிஞ்சு போயிரும், அதனாலதான் படி தாண்ட விடல."

மருதாசலம் பையில இருந்து சாக்பீஸை எடுத்து, ஸ்பீக்கர் மேல ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டாரு. கூட்டம் கை தட்டுச்சு.

மீதி வேலை உள்ள. அவரு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாரு, ரஹ்மத் சன்னலுக்கு வெளிய நின்னு சொல்லச் சொல்ல அவரு கையாலயே செஞ்சாரு. அணைச்சாரு. பட்டனை அமுக்கிப் புடிச்சுக்கிட்டே அரை உசுருல எழுப்புனாரு. அந்த அரை உசுருலயும் அது வாய மூடல. ஸ்க்ரீன் பூரா செகப்பு, நானூறு ஆபத்துங்குது, எண்ணூறுங்குது, என்னை அழிச்சா நீங்க அநாதைங்கய்யான்னு கெஞ்சுது. மருதாசலத்தோட விரலு ஒரு நொடி நின்னுச்சு. சன்னல் வழியா சுபத்ராவைப் பாத்தாரு. பால்காரரைப் பாத்தாரு. அப்பறம் அழிச்சாரு.

செகப்பு போச்சு. பத்து எண்ணறதுக்குள்ள திரும்பி வந்துச்சு.

ரஹ்மத் அதை எதிர்பாத்துட்டு இருந்தா. இதுக்கு ஒரு ரெட்டை இருக்கும், வேற பேருல ஒளிஞ்சுக்கிட்டு, செத்ததை எழுப்பி விடறதே அதுக்கு வேலை, ஆனா பேரு எல்லாம் நம்ம வீட்டுச் சாமான் மாதிரியே இருக்கும்னா. வரிசையா பேரைப் படிக்கச் சொன்னா. மருதாசலம் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாப் படிச்சாரு. லைட்டு, ஃபேனு, பூட்டு, கெய்சரு, கெணத்து மோட்டார் அப்டேட்டு. படிச்சவரு அங்கயே நின்னுட்டாரு.

"எங்கெணத்து மோட்டாரா? அது நானே காயில் கட்டுனது. சுச்சைப் போட்டா ஓடும், அணைச்சா நிக்கும். அதுக்கு என்னடா அப்டேட்டு?"

அழிச்சாரு. திரும்பி வந்த பயங்காட்டியவும் அழிச்சாரு. எல்லாரும் ஸ்க்ரீனையே பாத்தாங்க. பத்து எண்ணுனாங்க, இருபது எண்ணுனாங்க. நீலமாவே நின்னுச்சு. கனகு அக்கா குலவை போட்டாங்க. ரஹ்மத்தும் சேந்து போட ட்ரை பண்ணா, வரல.

மருதாசலம் வெளிய வந்து பூசணிக்காயத் தூக்கிக்கிட்டாரு. கேட்டுக்கிட்ட சுபத்ரா இன்னும் வீட்டுக்குள்ள வராம நின்னுட்டு இருந்தா. அவரு அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னாரு.

"கருவி தப்புன்னு தெரிஞ்சு போச்சு. அதுக்காகப் பீஸு சரின்னு ஆயிராது. திரும்ப அளக்கணும். என்னத்தை வச்சு அளக்கறதுன்னு எனக்கு இன்னும் தெரியல."

"அப்ப நான் வெளியவே நிக்கறதா?"

"எதுக்கு?" ன்னாரு அவரு. "உள்ள வா. அளக்கறது ஒரு நாள்ல ஆவற வேலையா. நீ பாட்டுக்கு இரு."

சொல்லிட்டு, கட்டையக் கேட்டுல இருந்து உருவி வீசிட்டு, நடு ரோட்டுக்குப் போயி பூசணிக்காய ஒடைச்சாரு. அது நாலு தெருவுக்குச் செதறுச்சு.

கூட்டம் பொரி கடலை தின்னுட்டு இருந்தப்போ, ரஹ்மத் சுபத்ராவைத் தனியாக் கூப்புட்டா. மருதாசலம் விரலை வச்சு வேற காவல் ஒண்ணைப் போட ஒத்துக்கிட்டாராம், அதைப் போடறப்போ பழசு சேத்து வச்ச பதிவெல்லாம் கண்ணுல பட்டுச்சாம். வீட்டுக்காரரு காவலுக்குச் சொன்ன உத்தரவெல்லாம் தேதி வாரியா இருக்கு. அழிக்கறதுக்கு முன்னாடி நீ ஒருக்கா பாத்துக்கோன்னா. சுபத்ரா வந்து போன நாலு தேதியும் அதுல இருந்துச்சு. கடைசித் தேதி போன வாரம்.

அதுல மருதாசலம் காவல்கிட்டச் சொன்னது இவ்வளவுதான்: போலின்னா போலியாவே இருக்கட்டும். ஒடனே அனுப்பிராத. இன்னும் ஒரு அஞ்சு நிமிசம் கேட்டுலயே நிறுத்திப் பேச வையி. நான் கேட்டுட்டு இருக்கேன்.

நாலு தேதிலயும் அதேதான். வார்த்தை மட்டும் முன்ன பின்ன. அந்தப் பயங்காட்டிதான் ஒரு தடவை கூட கேக்காம ஒடனே அனுப்பிருச்சு.

சுபத்ரா அதை ரெண்டு தடவை படிச்சா. நேரா சமையக்கட்டுக்குப் போனா. மருதாசலம் அடுப்புல பாலை வச்சுட்டுப் பக்கத்துல நின்னுட்டு இருந்தாரு. அவ மேடை மேல ஏறி உக்காந்து பேச ஆரம்பிச்சா. ஓசூர் பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரன் கொறட்டை விட்டது, ஹாஸ்டல் சாம்பார், புது மேனேஜரு, செருப்பு அறுந்தது, பூனை குட்டி போட்டது, எது வாயில வந்துச்சோ அது. பால் பொங்குச்சு, காப்பி ஆச்சு, கூட்டம் கலைஞ்சுச்சு, ரஹ்மத்தும் சொல்லிட்டுக் கெளம்பிட்டா. சுபத்ரா நிறுத்தல. மத்தியானச் சோத்துக்கும் நிறுத்தல. சாயங்காலம் தொண்டை கட்டிக்கிட்டு, கொரலு கரகரன்னு யாரோ மாதிரி ஆனப்பறந்தான் ஒரு நிமிசம் மூச்சு வாங்குனா.

மருதாசலம் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்துல இழுத்துப் போட்டுக்கிட்டாரு.

"ம். அப்பறம்?"